சிவப்பு ராட்சதக் கிளையின் நுனியை அளவுகோலாக்குவது எப்படி? புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

அண்டம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதைச் சொல்லும் ஹபிள் மாறிலிக்கு இன்று ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. அண்டப் பின்னணிக் கதிர்வீச்சை ஆராய்ந்த பிளாங்க் விண்கலக் குழு 2018இல் 67.4 என்றது. செபீட் மாறுவிண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் கொண்டு ஆடம் ரீஸ் குழு 2022இல் 73.04 என்றது. (ஒரு மெகாபார்செக் தொலைவுக்கு, அதாவது சுமார் 32.6 இலட்சம் ஒளியாண்டுக்கு, வினாடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது அலகு.) சிவப்பு ராட்சத விண்மீன்களை எடுத்துக்கொண்ட வெண்டி ஃப்ரீட்மன் குழு 2019இல் 69.8 என்றது. அதே ஆண்டு அதே வகை விண்மீன்களை எடுத்துக்கொண்ட இன்னொரு குழு 72.4 என்றது.

கடைசி இரண்டுக்கும் நடுவே இருப்பது வானியல் புதிர் எதுவும் அல்ல. சிவப்பு ராட்சத விண்மீன்கள் எட்டும் உச்சத்தின் உண்மைப் பொலிவு தெரிந்தால், அவை எவ்வளவு மங்கலாகத் தெரிகின்றன என்பதைக் கொண்டு தொலைவைச் சொல்லிவிடலாம். அந்த உச்சப் பொலிவை முதல் குழு −4.05 பொலிவெண் என்று எடுத்துக்கொண்டது (பொலிவெண் கூடினால் ஒளி குறையும்). இரண்டாவது குழு −3.97 என்று எடுத்துக்கொண்டது. 0.08 வித்தியாசம், அவ்வளவுதான். அந்த ஓர் எண்ணை எப்படிப் பெறுவது, எங்கெங்கே கை வழுக்கும் என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை. மடக்கை தெரிந்து, பைத்தானில் ஒரு கோப்பைத் திறந்து வரைபடம் போடத் தெரிந்தால் இதைத் தொடரலாம்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். −4.05 போன்ற எண்ணை இயற்கையின் மாறிலி என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் இந்தத் துறைக்குள் வருகிறார்கள். அது பாதிதான் உண்மை. மறுபாதி, அளந்தவர் கையாண்ட முறை. எந்த முறையில் அளவுகோலைச் செய்தீர்களோ அதே முறையில்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாவற்றிலும் இந்த விதி வந்துகொண்டே இருக்கும்.

நுனி என்று ஒன்று ஏன் இருக்கிறது?

சூரியனைப் போன்ற, அல்லது அதைவிடச் சற்றே கூடுதலான நிறையுள்ள விண்மீன் தன் மையத்தில் இருக்கும் ஹைட்ரஜனை எரித்து முடித்ததும் ஹீலியம் உள்ளகம் ஒன்று மிஞ்சுகிறது. அதைச் சுற்றியுள்ள மெல்லிய ஓட்டில் ஹைட்ரஜன் தொடர்ந்து எரிகிறது. எரிந்து உண்டாகும் ஹீலியம் உள்ளே விழ, உள்ளகம் கனத்துக்கொண்டே போகிறது. வெளியடுக்கு ஊதிப் பெருத்துக் குளிர்ந்து சிவக்கிறது. இதுதான் சிவப்பு ராட்சத நிலை. விண்மீன்களின் நிறத்தைக் கிடை அச்சிலும் பொலிவைக் குத்து அச்சிலும் வைத்துப் படம் வரைந்தால், இவை ஒரு கிளையாக மேலே ஏறுவது தெரியும்.

ஏற்றம் எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். உள்ளகம் மிக அடர்த்தியாக அழுந்தியிருப்பதால் அதைத் தாங்கி நிற்பது வெப்பத்தின் அழுத்தம் அல்ல, எலக்ட்ரான்களின் குவாண்டம் அழுத்தம். வெப்பநிலை ஏறினாலும் இந்த அழுத்தம் ஏறுவதில்லை. எனவே உள்ளகம் விரிந்து தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழியில்லை. உள்ளகத்தின் நிறை சூரிய நிறையில் சுமார் 0.47 பங்கை எட்டும்போது வெப்பநிலை 10 கோடி டிகிரியைத் தொடுகிறது. ஹீலியம் ஒரே மூச்சில் பற்றிக்கொள்கிறது. இதை ஹீலியம் பளிச்சீடு என்பார்கள். பெயர்தான் பளிச்சீடு, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் பளிச்சிடாது. அந்த ஆற்றல் முழுவதும் உள்ளகத்தின் இறுக்கத்தைத் தளர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது. அதன் பின் விண்மீன் மங்கிக் கிளையிலிருந்து இறங்கிவிடுகிறது.

ராட்சத விண்மீனின் பொலிவைத் தீர்மானிப்பது உள்ளகத்தின் நிறை. பற்றிக்கொள்ளும் வேளையில் அந்த நிறை எல்லா விண்மீன்களுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. விண்மீனின் மொத்த நிறை சூரியனுடையதாக இருந்தாலும் அதில் ஒன்றரை மடங்காக இருந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே கிளை ஒரு குறிப்பிட்ட உயரத்தில், சூரியனைப் போல 2,000 மடங்குக்குச் சற்று மேற்பட்ட ஒளியில், வெட்டியதுபோல் முடிகிறது. சுமார் இரண்டு சூரிய நிறைக்கு மேற்பட்டவற்றில் ஹீலியம் அமைதியாகவே எரியத் தொடங்குகிறது. அவை நமக்குப் பயன்படாது. வயதான விண்மீன் கூட்டமே தேவை என்று வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

எந்த நிறத்தில் பார்ப்பது?

விண்மீனில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் (வானியலாளர்கள் இவற்றை உலோகம் என்பார்கள்) கூடினால் அதன் மேற்பரப்பு குளிர்ந்து இன்னும் சிவக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தால் நுனி மங்கிக் கீழே வளைகிறது. அண்மை அகச்சிவப்பில் பார்த்தால் மேலே ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவே, 0.8 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய ஐ வடிகட்டியில், இந்த ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று சரிசெய்துகொள்கின்றன. நுனி கிட்டத்தட்ட மட்டமாகக் கிடக்கிறது. ஹபிள் தொலைநோக்கியில் இதற்கு இணையான வடிகட்டியின் பெயர் எஃப்814டபிள்யூ.

மட்டம் என்றாலும் முழு மட்டம் அல்ல. உலோகச் செறிவு மிகுந்த, அதிகமாகச் சிவந்த விண்மீன்களின் பக்கம் போனால் ஐ வடிகட்டியிலும் நுனி தாழ்கிறது. 2007இல் ரிஸ்ஸி குழு இதற்கு ஒரு திருத்தம் கொடுத்தது: நிறம் 1.6ஐவிட எவ்வளவு கூடுதலோ அதை 0.217ஆல் பெருக்கி −4.05உடன் கூட்டவேண்டும். இங்கே நிறம் என்பது வி (கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கானது), ஐ ஆகிய வடிகட்டிகளின் பொலிவெண் வித்தியாசம். புதியவர்களுக்கு என் ஆலோசனை: திருத்தம் செய்து சமாளிப்பதைவிட, நீல ஓரத்தில் இருக்கும், உலோகம் குறைந்த விண்மீன்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் வேலை செய்கிறது. அங்கே நுனி இன்னும் பொலிவாக இருப்பதால் கூடுதல் தொலைவு எட்டும். ஆனால் நுனி சாய்கோடாகிவிடுவதால் நிறத் திருத்தத்தைத் தவிர்க்க முடியாது. அதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

முதல் படி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

விண்மீன் மண்டலத்தின் நடுப்பகுதியையும் சுருள் கைகளையும் விட்டு விலகி, ஹேலோ எனப்படும் வெளிப்புறத்துக்குப் போங்கள். அங்கே தூசு குறைவு, நெரிசல் குறைவு, இளம் விண்மீன்கள் அநேகமாக இல்லை. வட்டுப் பகுதியில் இருக்கும் நடுத்தர வயது விண்மீன்கள் கிளைநுனிக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டு விளிம்பை மழுங்கடித்துவிடும். செபீட் முறையைவிட இந்த முறைக்கு உள்ள பெரிய வசதியே இந்த இடத்தேர்வுச் சுதந்திரம்தான். செபீட்கள் இளம் விண்மீன்கள். அவை தூசும் நெரிசலும் உள்ள இடத்தில்தான் கிடைக்கும்.

அதே சமயம் ரொம்ப வெளியே போய்விட்டால் எண்ணிக்கை போதாது. நுனிக்குக் கீழே ஒரு பொலிவெண் அகலத்துக்குள் குறைந்தது 100 விண்மீன்கள் வேண்டும் என்று 1995இல் மடோரும் ஃப்ரீட்மனும் சொன்னார்கள். பிந்திய ஆய்வுகள் 400 இருந்தால் நல்லது என்கின்றன. நூறை வைத்துக்கொண்டு இரண்டாம் தசம இடத்தைப் பற்றி வாதாடுவது வீண்வேலை.

இரண்டாம் படி: பொலிவை அளவிடுங்கள்

படத்திலுள்ள ஒவ்வொரு விண்மீனின் ஒளியையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க டால்ஃபாட், டேவோஃபாட் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் கையேடுகள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. இங்கே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று விஷயங்களில் மட்டும் கவனம் வையுங்கள்.

நுனிக்குக் கீழே குறைந்தது ஒரு பொலிவெண் ஆழத்துக்காவது படம் தெளிவாக இருக்கவேண்டும். (பொலிவெண் கூடினால் ஒளி குறையும் என்பது நினைவிருக்கட்டும். வரைபடத்தில் அச்சைத் தலைகீழாக வைப்பதும் அதனால்தான்.) படத்தின் எல்லையிலேயே நுனி இருந்தால், விண்மீன்கள் கண்டுபிடிக்கப்படாமல் போவதால் வரும் சரிவையும் இயற்கையான விளிம்பையும் பிரித்தறிய முடியாது.

இரண்டாவது, போலி விண்மீன் சோதனை. தெரிந்த பொலிவில் ஆயிரக்கணக்கான செயற்கை விண்மீன்களைப் படத்துக்குள் தூவி, மென்பொருள் அவற்றை எந்தப் பொலிவில் திருப்பித் தருகிறது என்று பாருங்கள். எத்தனை தொலைந்தன, எவ்வளவு சிதறின, எந்தப் பக்கம் நகர்ந்தன என்ற மூன்றும் தெரிந்துவிடும். பலர் அவசரத்தில் தாண்டிப்போகும் படி இது. நெரிசலான இடத்தில் இரண்டு மங்கலான விண்மீன்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பொலிவான விண்மீனாகத் தெரியும். சோதனை இல்லாமல் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாவது, பொலிவெண் அமைப்பு. வேகா விண்மீனை அடிப்படையாகக் கொண்ட அமைப்புக்கும் ஏபி எனப்படும் அமைப்புக்கும் எஃப்814டபிள்யூ வடிகட்டியில் சுமார் 0.43 வித்தியாசம். −4.05 என்பது வேகா அமைப்பில் உள்ள எண். இதைக் கலந்துவிட்டால் தொலைவு இருபது சதவீதத்துக்கு மேல் தவறிப்போகும். அவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும் என்பது ஓர் ஆறுதல்.

மூன்றாம் படி: விளிம்பைக் கண்டுபிடியுங்கள்

முதலில் நிறம்–பொலிவுப் படத்தை வரைந்து, கிளைக்கு இருபுறமும் சாய்வான இரண்டு கோடுகளை இட்டு, நடுவில் உள்ள விண்மீன்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவற்றைப் பொலிவு வாரியாகச் சிறு பெட்டிகளில் போட்டு எண்ணுங்கள். பொலிவிலிருந்து மங்கலை நோக்கி வரும்போது எண்ணிக்கை திடீரெனத் துள்ளும் இடம்தான் நுனி.

துள்ளல் எங்கே என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் வழக்கம்தான் முன்பு இருந்தது. 1993இல் லீ, ஃப்ரீட்மன், மடோர் மூவரும் படங்களில் ஓரம் கண்டறியப் பயன்படும் சோபெல் வடிகட்டியை இதற்குக் கொண்டுவந்தார்கள். தத்துவம் எளியது: ஒவ்வொரு பெட்டிக்கும், அடுத்த பெட்டியின் எண்ணிக்கையிலிருந்து முந்தைய பெட்டியின் எண்ணிக்கையைக் கழியுங்கள். கழித்து வருவது எங்கே உச்சமோ அங்கே விளிம்பு.

கற்பனையாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 0.05 அகலமுள்ள பெட்டிகளில் இப்படி எண்ணிக்கை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 14.45இல் 21, 14.50இல் 24, 14.55இல் 22, 14.60இல் 58, 14.65இல் 97, 14.70இல் 104, 14.75இல் 110. இப்போது 14.50க்கான விடை 22−21, அதாவது 1. 14.55க்கு 58−24, அதாவது 34. 14.60க்கு 97−22, அதாவது 75. 14.65க்கு 46. 14.70க்கு 13. உச்சம் 14.60இல் விழுகிறது.

இத்துடன் நிறுத்திவிடக் கூடாது. எண்ணிக்கை பெருகும்போது அதன் இயல்பான ஏற்ற இறக்கமும் பெருகும். 110 பேர் இருக்கும் பெட்டியில் பத்துப் பேர் கூடுவது ஒன்றுமில்லை. 20 பேர் இருக்கும் பெட்டியில் அது பெரிய விஷயம். அதனால் ஒவ்வொரு விடையையும், கழிக்கப்பட்ட இரண்டு எண்களின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுக்கிறார்கள். மேலே உள்ள கணக்கில் 14.55க்கு 34ஐ 82இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 3.75, 14.60க்கு 75ஐ 119இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 6.88, 14.65க்கு 3.61. உச்சம் இடம் மாறவில்லை, நன்று. உண்மைத் தரவில் இது எப்போதும் இவ்வளவு ஒழுங்காக நடக்காது. இரண்டு உச்சங்கள் வரும். வகுத்தால் ஒன்று ஓங்கும், வகுக்காவிட்டால் மற்றது ஓங்கும். எதை நுனி என்று எடுத்துக்கொள்வது? இந்தக் கேள்விக்கு இயற்பியல் விடை சொல்லாது. முன்கூட்டியே ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அதை எல்லா மண்டலங்களுக்கும் மாறாமல் கடைப்பிடிப்பதுதான் ஒரே வழி.

பெட்டியின் அகலம், பெட்டிகளின் தொடக்கப்புள்ளி ஆகியவையும் விடையை அசைக்கும். அதைத் தவிர்க்க, மிக நுண்ணிய பெட்டிகளில் எண்ணி, பிறகு அந்த வளைகோட்டை மென்மையாக்கும் முறை இப்போது பரவலாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு மென்மையாக்குவது? குறைத்தால் இரைச்சல் எல்லாம் விளிம்பாகத் தெரியும். கூட்டினால் விளிம்பு மழுங்கி நகரும். போலி விண்மீன்களைக் கொண்டு, நுனி எங்கே என்று தெரிந்த ஒரு செயற்கை மண்டலத்தைச் செய்து, எந்த அளவு மென்மையாக்கினால் விலகலும் சிதறலும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கின்றன என்று பார்த்து முடிவுசெய்யுங்கள். தரவைப் பார்த்துவிட்டுப் பிடித்த விடை வரும்வரை திருகிக்கொண்டிருந்தால் அது அளவீடு ஆகாது.

சோபெலுக்கு மாற்றும் இருக்கிறது. நுனிக்கு மேலே ஒரு சாய்வு, கீழே ஒரு சாய்வு, நடுவில் ஒரு படி என்று ஒரு வடிவத்தை எழுதி, அதைத் தரவோடு மிக நன்றாகப் பொருந்தும்படி சரிசெய்வது. 2006இல் மகரோவ் குழு இந்த உச்ச நிகழ்தகவு முறையில் போலி விண்மீன் சோதனையின் முடிவுகளையும் உள்ளே சேர்த்தது. பிழையைக் கணக்கிட இது வசதியானது. ஆனால் நீங்கள் எழுதிய வடிவம் உண்மைக்குப் பொருந்தாவிட்டால் மௌனமாகத் தவறான விடை தரும். இரண்டையும் செய்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே 0.05க்கு மேல் வித்தியாசம் வந்தால் அடுத்த படிக்குப் போகாமல் நிறம்–பொலிவுப் படத்துக்கே திரும்புங்கள்.

நான்காம் படி: தூசைக் கழியுங்கள்

நடுவழியில் இருக்கும் தூசு விண்மீனை மங்கச் செய்கிறது. நம் பால்வெளியின் தூசுக்கு ஷ்லாஃப்லி, ஃபிங்க்பைனர் இருவரும் 2011இல் திருத்தியமைத்த வான் வரைபடத்தைப் பயன்படுத்துவது வழக்கம். ஹேலோவில் மண்டலத்தின் சொந்தத் தூசு சொற்பமே என்பதால் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

தொலைவிலுள்ள மண்டலங்களுக்கு இது சிறிய விஷயம். அளவுகோலைச் செய்யும் இடத்தில்தான் இது பெரிய தலைவலி. அடுத்த படியில் பாருங்கள்.

ஐந்தாம் படி: நங்கூரத்தைப் பிடியுங்கள்

இதுவரை கிடைத்தது தோற்றப் பொலிவெண். தொலைவு வேறொரு வழியில், வடிவியலால் மட்டும் தெரிந்த ஓரிடம் கிடைத்தால், அதைக் கழித்துத் தனிப் பொலிவெண்ணை, அதாவது உண்மைப் பொலிவை, பெறலாம். அப்படிப்பட்ட இடத்தை நங்கூரம் என்கிறோம். கணக்கு இவ்வளவுதான்: நுனியின் தோற்றப் பொலிவெண்ணிலிருந்து தூசு மறைப்பைக் கழித்து, பிறகு தொலைவுக் குணகத்தையும் கழிக்க வேண்டும். தொலைவுக் குணகம் என்பது, பார்செக்கில் உள்ள தொலைவின் மடக்கையை 5ஆல் பெருக்கி 5ஐக் கழித்தால் வருவது.

நல்ல நங்கூரங்கள் கைவிரல்களுக்குள் அடங்கும். முதலாவது, நம் பால்வெளியின் துணை மண்டலமான பெரிய மெகல்லன் மேகம். 2019இல் பியெட்ஷின்ஸ்கி குழு அங்குள்ள 20 மறைப்பு இரட்டை விண்மீன்களை (ஒன்றையொன்று மறைத்தபடி சுற்றும் இணைகளை) அளந்து, தொலைவை 49.59 கிலோபார்செக் என்று நிர்ணயித்தது, குணகம் 18.477, பிழை சுமார் ஒரு சதவீதம். போலந்து வானியலாளர்களின் ஓக்ல் திட்டம் சிலியிலிருந்து எடுத்த ஒளியளவுத் தரவு, சுமார் 3.5 கோடி விண்மீன்களுடன், அதே மேகத்துக்குக் கிடைக்கிறது. விண்மீன் எண்ணிக்கைக்கோ நெருக்கத்துக்கோ குறையே இல்லை.

ஃப்ரீட்மன் குழு 2019இல் போட்ட கணக்கைப் பின்தொடர்வோம். நுனியின் தோற்றப் பொலிவெண் 14.595. தூசு மறைப்பு 0.16. கழித்தால் 14.435. அதிலிருந்து 18.477ஐக் கழித்தால் −4.042. தரைத் தொலைநோக்கியின் ஐ வடிகட்டியிலிருந்து ஹபிளின் வடிகட்டிக்கு மாற்ற ஒரு சின்னத் திருத்தம், −4.049. இதில் ஆட்டம் காணும் எண் எது? தொலைவு உறுதி. தோற்றப் பொலிவும் ஏறத்தாழ உறுதி. தூசுதான் ஆட்டம் காண்கிறது. மேகத்துக்குள்ளேயே தூசு திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. ராட்சத விண்மீன்கள் அதற்கு முன்னாலும் இருக்கின்றன, பின்னாலும் இருக்கின்றன. அதே 2019இல் யுவான் தலைமையிலான குழு மறைப்பு 0.10 அளவுதான் என்று வாதிட்டது. இதில் வந்ததே −3.97, அதிலிருந்து வந்ததே 72.4. முதல் பத்தியில் பார்த்த பிளவின் பெரும்பங்கு இங்கேதான் பிறந்தது.

இரண்டாவது நங்கூரம் என்ஜிசி 4258 என்ற விண்மீன் மண்டலம். இதன் நடுவில் உள்ள கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டில் நீர் மூலக்கூறுகள் மேசர்களாக, அதாவது லேசரைப் போன்ற இயற்கை மூலங்களாக, நுண்ணலை உமிழ்கின்றன. அவற்றின் வேகத்தையும் முடுக்கத்தையும் வானில் அவை நகர்வதையும் வானொலித் தொலைநோக்கிகளால் தொடர்ந்து அளந்து, ரீட், பெஸ்ஸி, ரீஸ் மூவரும் 2019இல் 7.576 மெகாபார்செக் என்ற தொலைவைத் தந்தார்கள். பிழை சுமார் ஒன்றரை சதவீதம், குணகம் 29.397. இதன் ஹேலோவை ஹபிள் படமெடுத்திருக்கிறது. தூசு திருத்தியபின் நுனி 25.35ஐ ஒட்டி விழுகிறது. 2021இல் ஜாங் குழு இதிலிருந்து பெற்ற விடை −4.05.

எனக்கு இந்த இரண்டாவது நங்கூரத்தின்மேல்தான் சாய்வு அதிகம். தூசு சொற்பம், சூப்பர்நோவா மண்டலங்களைப் பார்க்கும் அதே தொலைநோக்கி, அதே வடிகட்டி, அதே மென்பொருள். வடிகட்டி மாற்றும் வேலையே இல்லை. குறை, இப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பது. அதன் தொலைவில் பிழை இருந்தால் மேலே கட்டிய எல்லாமே அதோடு நகரும்.

மூன்றாவது வகை, நம் பால்வெளியின் கோளக் கொத்துகள், குறிப்பாக ஒமேகா சென்டாரி. கயா விண்கலம் தந்த இடமாறு தோற்றத்தைக் கொண்டு இதன் தொலைவை நேராகவே அளக்கலாம். ஆனால் கொத்தின் நுனியருகே இருக்கும் விண்மீன்கள் மிகக் குறைவு. கயாவின் அளவீட்டில் சுழிப்பிழை (தொடக்கப்புள்ளியே சற்று விலகியிருக்கும் பிழை) ஒன்றும் இருக்கிறது, அதைத் திருத்தியாக வேண்டும். சிறிய மெகல்லன் மேகத்துக்கும் மறைப்பு இரட்டைகளால் தொலைவு தெரியும். ஆனால் அந்த மேகம் நம் பார்வைக் கோட்டில் நீண்டு கிடப்பதால் விளிம்பு மங்குகிறது. இவற்றைச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ஒத்ததை ஒத்ததோடு ஒப்பிடுங்கள்

நங்கூரத்தில் உள்ள விண்மீன் கூட்டமும் இலக்கு மண்டலத்தில் உள்ள கூட்டமும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அண்மை ஆண்டுகளில் இந்தக் கேள்விதான் சூடாக விவாதிக்கப்படுகிறது.

நுனிக்குக் கீழே அரைப் பொலிவெண் அகலத்தில் உள்ள எண்ணிக்கையை மேலே அதே அகலத்தில் உள்ள எண்ணிக்கையால் வகுத்தால் வருவதை வேறுபாட்டு விகிதம் என்று சொல்லலாம். விகிதம் பெரியதாக இருந்தால் விளிம்பு கூர்மை. சிறியதாக இருந்தால் இடையில் இளையவர்கள் கலந்திருக்கிறார்கள். ஒரே மண்டலத்தின் வெவ்வேறு பகுதிகளில் அளந்தபோது, இந்த விகிதம் மாறினால் சோபெல் காட்டும் நுனியும் சிறிதளவு நகர்வதை 2023இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஆட்களின் தலையீட்டைக் குறைத்துக் கணினியே விளிம்பைத் தேடும்படி செய்து, இந்த விகிதத்துக்கும் திருத்தம் கொடுத்த ஸ்கோல்னிக் குழுவுக்கு அதே ஆண்டு கிடைத்த ஹபிள் மாறிலி 73.2. ஃப்ரீட்மன் குழுவோ ஹபிள், ஜேம்ஸ் வெப் இரண்டின் தரவையும் சேர்த்துச் சுமார் 70.4 என்கிறது. இரு தரப்பின் பிழை எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதைக் கவனியுங்கள். தலைப்புச் செய்திகளில் இது விட்டுப்போகும்.

இன்னொரு நுட்பம்: பெரிய மெகல்லன் மேகத்தின் நுனியருகே இருக்கும் விண்மீன்கள் ஏறக்குறைய அனைத்துமே சிறு அளவில் துடித்துக்கொண்டிருக்கின்றன என்று 2024இல் ஆண்டர்சன் குழு ஓக்ல் தரவைக் கொண்டு காட்டியது. துடிப்பின் காலத்தைக் கொண்டு அவற்றை வரிசைகளாகப் பிரித்தால் ஒவ்வொரு வரிசையின் நுனியும் சற்றே வேறு இடத்தில் நிற்கிறது. பழைய விண்மீன்களை மட்டும் பிரித்தெடுக்க இது ஒரு புதிய வழி. ஆனால் தொலைவிலுள்ள மண்டலங்களில் துடிப்பை அளக்குமளவு தரவு நம்மிடம் இல்லை.

புதியவர் செய்யவேண்டியது: இரண்டு இடங்களிலும் ஒரே நிற எல்லைகள், ஒரே மென்மையாக்கம், ஒரே வகுத்தல் விதி, கூடுமானவரை ஒத்த வேறுபாட்டு விகிதம். ஒருவர் வகுத்தல் விதியோடு பெற்ற −4.05ஐ எடுத்து, வகுக்காமல் கண்டுபிடித்த நுனியில் போட்டால் வருகிற தொலைவுக்குப் பொருளில்லை.

ஏழாம் படி: அண்டத்துக்குக் கொண்டுபோங்கள்

இனி எளிது. ஒரு சூப்பர்நோவா வெடித்த மண்டலத்தில், தூசு திருத்திய நுனி 27.00இல் கிடைக்கிறது என்று கொள்வோம். அளவுகோல் −4.05 என்றால் குணகம் 31.05, தொலைவு 16.2 மெகாபார்செக். அளவுகோல் −3.97 என்றால் குணகம் 30.97, தொலைவு 15.6. நுனி மங்கலானது என்று சொன்னால் மண்டலம் கிட்டே வருகிறது. கிட்டே வந்தால் அங்கே வெடித்த சூப்பர்நோவாவின் உண்மைப் பொலிவும் குறைகிறது. அதைக் கொண்டு அளக்கப்படும் தொலைவுகள் யாவும் சுருங்க, ஹபிள் மாறிலி ஏறுகிறது. 0.08 பொலிவெண்ணுக்கு 3.75 சதவீதம். 69.8ஐ 1.0375ஆல் பெருக்கிப் பாருங்கள்: 72.4.

பிழைகளை இரண்டு கணக்குகளாக எழுதுங்கள். விளிம்பைக் கண்டறிவதில் வரும் பிழை மண்டலத்துக்கு மண்டலம் தனித்தனி. பத்து மண்டலங்களை அளந்தால் சராசரியில் குறையும். நங்கூரத்தின் தொலைவு, அதன் தூசு ஆகியவற்றின் பிழை எல்லாவற்றுக்கும் பொது. நூறு மண்டலங்களை அளந்தாலும் இம்மியும் குறையாது. மெகல்லன் மேகத்தை மட்டும் நம்பினால் தொலைவுக்கு 0.026, தூசுக்கு 0.024; இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 0.035. தொலைவில் 1.6 சதவீதம், ஹபிள் மாறிலியில் அதன் அலகில் ஒன்றுக்குச் சற்று மேல். இதைக் குறைக்க ஒரே வழி இன்னொரு சுதந்திரமான நங்கூரத்தைச் சேர்ப்பது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஓக்ல் தளத்திலிருந்து பெரிய மெகல்லன் மேகத்தின் வி, ஐ பொலிவு அட்டவணைகளை இறக்கிக்கொள்ளுங்கள். மேகத்தின் நடுவே கம்பிபோல் நீண்டு கிடக்கும் நெரிசலான பகுதியையும் வாயு அடர்ந்த பகுதிகளையும் விலக்கிவிட்டு மூன்றாம் படியைச் செய்யுங்கள், நுனி 14.6ஐ ஒட்டி வரவேண்டும். பிறகு மென்மையாக்கும் அளவை மட்டும் 0.05இலிருந்து 0.20 வரை மாற்றி மாற்றி, விடை எவ்வளவு நகர்கிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். அடுத்த பயிற்சிக்கு என்ஜிசி 4258இன் ஹேலோ படங்கள் ஹபிள் காப்பகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எடுக்கலாம். விடையை எங்கே பதிந்தாலும் வடிகட்டியின் பெயர், பொலிவெண் அமைப்பு, நிற எல்லைகள், மென்மையாக்கிய அளவு, வகுத்தல் விதி, எடுத்துக்கொண்ட தூசு மறைப்பு ஆகிய ஆறையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். இவை இல்லாத −4.05ஐ வேறொருவர் தம் மண்டலத்துக்குப் பயன்படுத்த முடியாது.